பசுமலை அக்காவுக்கு வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின்: ஐந்து மாத அனுபவம்

மெஷின் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் நாங்கள் எட்டுப் பேர் அக்காவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, தலைமாட்டு ஸ்டூலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஜெபம் பண்ணினோம். வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் எங்களுக்கு அதுதான் பழக்கம். அக்கா மூக்கில் ஆக்சிஜன் டியூப். டியூபுக்கும் சுடருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். நான் 31 வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள். ஆக்சிஜன் தானாக எரியாது, பக்கத்தில் எரிவதைக் கொழுந்துவிட வைக்கும் என்று, அணையப்போகும் குச்சியைக் குடுவைக்குள் காட்டி எத்தனை பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன்! அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. கர்த்தர் காத்தார். மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஆளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த மெழுகுவர்த்திதான் முதல் காரணம். நம் சபைகளில் யாராவது ஒருவர் வீட்டில் இந்த மெஷின் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். கம்பெனி பெயர், கடை பெயர் எதையும் போடவில்லை. இதே மாதிரி மெஷினைப் பல கம்பெனிகள் செய்கின்றன. வீட்டுக்கு வந்து இறங்குவது நல்லதா என்று நமக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அக்காவும் நானும் 1987 முதல் ஒரே பாடகர் குழு. நான் சோப்ரானோ, அக்கா ஆல்டோ. கீர்த்தனையில் அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும், அக்காவுக்கு வாங்காது. நாங்கள் மூச்சை இழுக்கிற இடைவெளியில் அக்கா குரல் மட்டும் இழையாய் ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் 40 நாள் கிடந்தபோது, அக்கா பசுமலையிலிருந்து பஸ் மாறித் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவார். வார்டுக்கு வெளியே வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணை மூடி ஜெபிப்பார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அந்த அக்காவுக்குத்தான் போன நவம்பரில் நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எழுதிக் கொடுத்தது: உட்கார்ந்திருக்கையில் நிமிஷத்துக்கு 2 லிட்டர், நடந்தால் 3 லிட்டர், ஒருநாளைக்குக் குறைந்தது 16 மணி நேரம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற கருவியில் 90-க்குக் கீழே இறங்கக்கூடாது. பையன் சென்னையில், மருமகளுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. அதனால் பகல் பொழுதுக்கு நான் என்று ஏற்பாடு.

முதல் கடையைப் போனிலேயே பிடித்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், பணம் வாங்கினார்கள், சுவிட்சைப் போட்டுக் காட்டினார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மெஷினில் மஞ்சள் விளக்கு. விரலில் 84. கடைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், "அது அப்படித்தாம்மா எரியும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். பண்ணினோம். விளக்கு அணைந்து திரும்ப எரிந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் மறுநாள் மத்தியானம் வரை இருந்தது. நான் தரையில் மண்டி போட்டேன். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. "84 ஆண்டவரே, 84" என்று நம்பரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலே முக்காலுக்கு 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே வார்டில் சிஸ்டராக இருந்தவள் என்னிடம் எட்டாவது படித்த பிள்ளை. "டீச்சர், பனகல் ரோட்டுப் பக்கம் ஒரு தம்பி வச்சிருக்கான், அவன்கிட்ட எடுங்க" என்றாள். இந்த விமர்சனம் அந்தத் தம்பி கொடுத்த மெஷினைப் பற்றியது.

5 லிட்டர் மெஷின், அதாவது நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரை தருவது. மாச வாடகை 5,000 ரூபாய், முன்பணம் 10,000. முதல் கடையை விட 500 ரூபாய் கூட. தம்பி வந்ததும் மெஷினைப் பிளக்கில் மாட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு மீட்டரை எடுத்துக் காற்று வரும் வாயில் வைத்தான். 94.2 காட்டியது. "ஆக்சிஜன் எம்புட்டு சுத்தமா வருதுங்குறது இதுலதான் டீச்சர் தெரியும். 90-லருந்து 96-க்குள்ள இருக்கணும். காத்து புஸ்ஸுன்னு வருதுங்குறத வச்சு நம்பாதீங்க" என்றான். முதல் மெஷினிலும் காற்று நன்றாகத்தான் வந்தது. அதில் ஆக்சிஜன்தான் போதவில்லை. வாடகைக்கு எடுக்கிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த மீட்டரைக் கொண்டுவந்து காட்டுவீர்களா என்பது. இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் அதிலேயே சின்ன நம்பராக இருக்கும். அதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

மெஷின் ஆக்சிஜனை எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை. நாம் சுவாசிக்கிற அதே அறைக் காற்றுதான். அதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். உள்ளே இரண்டு குழாய்களில் சியோலைட் என்ற மணிகள் அடைத்திருக்கின்றன. காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் மூக்குக்கு வரும். ஒரு குழாய் நிறைந்ததும் பிடித்த நைட்ரஜனை வெளியே விட்டுவிடும். அதற்குள் இன்னொரு குழாய் வேலையை எடுத்துக்கொள்ளும். சில நொடிகளுக்கு ஒருமுறை 'புஸ்ஸ்' என்று கேட்பது அந்த மாற்றம்தான். கரும்பலகையில் 78, 21 என்று எழுதிய கை இது. அந்த 21-ஐப் பிரித்தெடுக்க ஒருத்திக்கு இப்படி ஒரு பெட்டி ராத்திரி முழுக்க உழைக்க வேண்டியிருக்கும் என்று அப்போது நினைத்ததில்லை.

சத்தம் உண்டு. பழைய பிரிட்ஜ் ஒன்று கட்டில் பக்கத்திலேயே ஓடுகிற மாதிரி. முதல் வாரம் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது சத்தம் நின்றால்தான் முழிப்பு வருகிறது என்கிறார்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் சங்கத்தில் வாய்விட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் ஜெபிப்போம். அக்காவே அதில் முன்னால் நிற்பவர்தான். டிசம்பர் முதல் வாரம் அப்படி ஒரு ஜெபம் அந்தச் சின்ன அறையில் முக்கால் மணி நேரம் நடந்தது. எல்லாரும் போன பிறகு அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "ஏ புள்ள, நீங்க ஜெபிக்கிறப்ப மெஷின் சத்தம் எனக்குக் கேக்கல. நின்னுபோச்சோன்னு உசுரு போய் உசுரு வருது" என்றார். பாசத்தோடு வந்தவர்கள், கண்ணீரோடு ஜெபித்தவர்கள். அத்தனை நேரமும் அவர் பயந்துகொண்டே படுத்திருந்திருக்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாளே எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். இப்போது ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் அறைக்குள் போகிறோம். ஐந்து நிமிஷம், மெல்லிய குரல். மற்றவர்கள் வராந்தாவில்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். "சுகம் கேளுங்க, வேணாங்கல. ஆனா முதல்ல ராத்திரி மூணு மணிப் பயம் போகணும்னு கேளுங்க." அதிலிருந்து சங்கிலி ஜெபம் ஆரம்பித்தோம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் 6 முதல் காலை 6 வரை. அவரவர் வீட்டிலேயே. மூன்று மணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மருமகள் ராத்திரி ஒருமுறை எழுந்து விரலில் பார்த்து வாட்ஸ்அப்பில் நம்பரை மட்டும் போடுவாள். 92. 91. 93. அந்த நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் என் ஜெபம் தொடங்கும். கை சில்லென்று இருந்தால் நம்பர் குறைவாகக் காட்டும், நகப்பூச்சு இருந்தாலும் சரியாகக் காட்டாது. அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். இது தெரியாமல் ஜனவரிப் பனியில் இரண்டு ராத்திரி 86 என்று பார்த்துப் பதறியிருக்கிறோம்.

எழுதவா வேண்டாமா என்று யோசித்து எழுதுவது இது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒருவர் ஜெபிக்க வந்தார். எங்கள் சபைக்காரர் இல்லை. ஜெபித்துவிட்டு, "விசுவாசம் இருந்தால் இந்தக் குழாயைக் கழற்றிப் போடுங்கம்மா" என்றார். அக்காவின் கை தானாகவே டியூபுக்குப் போனது. அதைப் பார்த்தவள் நான். "ஐயா, அந்த ராத்திரி 84-ல் நான் மண்டி போட்டுக் கேட்டதற்கு வந்த பதில் இந்த மெஷின். பதிலைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் வயசில் பெரியவர், உயர்த்தியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற மாட்டேன். யார் வீட்டிலும், யார் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் அந்தக் குழாயில் கை வைக்காதீர்கள். ஜெபிப்பவர்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள்.

எண்ணெய் விஷயம். மூக்கு ஓரம் வறண்டு புண்ணாகிறது என்று அக்காவுக்கு நான் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தம்பி பதினைந்து நாளுக்கொருமுறை வந்து பார்ப்பான். அப்படி வந்தவன் அக்கா முகத்தில் பளபளப்பைப் பார்த்து, "எண்ணெய், வாஸ்லின் எதுவும் கூடாது டீச்சர், ஆக்சிஜன் பக்கத்துல அது தீப்பிடிக்கும். தண்ணியில கலந்த ஜெல் மெடிக்கல்ல கேளுங்க" என்றான். அந்த வாரமே ஐயர் ஒலிவ எண்ணெய்க் குப்பியோடு வந்தார், எண்ணெய் பூசி ஜெபிக்க. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஐயர் ஒரு நொடி யோசித்துவிட்டு, அக்காவின் வலது உள்ளங்கையை விரித்து ஒரு சொட்டு வைத்தார். பிறகு கைக்குட்டையால் ஒற்றிவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு ஜெபித்தார். நெற்றியில் பூசியிருந்தால் அந்த நேரம் அவ்வளவு நீண்டிருக்காது. அக்கா அன்றைக்கு அழுதார். ஆஸ்பத்திரியில் பதினொரு நாளும் அழாதவர்.

மற்றக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் கோலிக்குண்டு மாதிரி ஒரு குண்டு மிதக்கும். குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்து, குண்டின் நடு கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றபடியே பார்த்தால் தப்பாகத் தெரியும். ஈரப்பதத்துக்கான குப்பியில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, எங்கள் பக்கம் தண்ணீர் உப்பு வேறு. மெடிக்கலில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர், இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். பின்னால் இருக்கிற பஞ்சு பில்டரை வாரம் ஒருமுறை கழுவி நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்ட வேண்டும். தம்பி இரண்டு கொடுத்திருக்கிறான், மாற்றி மாற்றிப் போட. மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர்ப் பிளக்கில் நேரடியாக. மூக்கில் மாட்டுகிற டியூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் அந்த அறையில் இல்லை.

டியூப் நீளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மெஷினோடு வந்தது 2 மீட்டர். கட்டிலை விட்டு இறங்கினால் அதோடு சரி. தம்பியிடம் கேட்டதும் 10 மீட்டர் நீள டியூப் கொண்டுவந்தான். அவ்வளவு நீளத்திலும் அளவு குறையாமல் வருகிறதா என்று நுனியில் பார்த்துவிட்டுத்தான் மாட்டினான். இப்போது அக்கா கக்கூஸுக்குத் தானே போகிறார், வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பசுமலையைப் பார்க்கிறார். சமையலறை வாசல்வரை டியூப் எட்டும். அங்கே தரையில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். அடுப்பு எரியும்போது அதைத் தாண்டக்கூடாது. டியூப் காலில் தட்டும் என்பது ஒரு பயம்தான். அதற்காகச் சுவர் ஓரமாகக் கொக்கி அடித்து மாட்டிவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் அக்கா வீட்டில் நடந்தது அந்த 10 மீட்டரால்தான். டிசம்பர் 21 ராத்திரி எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகள் கித்தார், டிரம், மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே மெழுகுவர்த்திகளை அணைக்கச் சொன்னேன். டார்ச்சு அடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். அக்கா வராந்தாவில், போர்வைக்குள், டியூபோடு. பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும் அக்கா வாயசைத்தார். குரல் இல்லை. நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார். டிரம் அடிக்கிற பையன் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேகத்தைக் குறைத்து, அக்கா விரலுக்குத் தகுந்தபடி அடித்தான். அவனுக்குப் பதினாறு வயசுதான் இருக்கும்.

கரண்டுதான் இந்த மெஷினின் பெரிய பலவீனம். 350 வாட். இருபத்து நாலு மணி நேரம் ஓடினால் ஒருநாளைக்கு 8.4 யூனிட், இரண்டு மாசக் கணக்குக்கு மெஷின் மட்டுமே 500 யூனிட்டைத் தாண்டிவிடும். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாடகையை மட்டும் கணக்குப் போட்டு இறங்காதீர்கள். எங்கள் சபையில் யாரும் கேட்காமலே ஒரு உறையில் பணம் வந்தது, மேலே "கரண்டு பில்லுக்கு" என்று பென்சிலில் எழுதி. யார் என்று இன்றுவரை தெரியாது.

மாசம் ஒருமுறை பராமரிப்புக்கென்று காலையிலிருந்து கரண்டு நிற்கும். வீட்டிலிருக்கிற சாதாரண இன்வெர்ட்டரை நம்பக்கூடாது. அதற்காகத் தம்பியிடமே ஒரு பி டைப் சிலிண்டரும் எடுத்து வைத்திருக்கிறோம். சுமார் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிஷம், பன்னிரண்டரை மணி நேரம். சாவி சிலிண்டர் கழுத்திலேயே நூலில் கட்டித் தொங்குகிறது. சாவியைத் தேடும்வரை மூச்சு காத்திருக்காது. வீட்டில் எல்லாருக்கும், பதினோரு வயசுப் பேரனுக்கும்கூட, அதைத் திறக்கத் தெரியும்.

குறை சொல்ல வேண்டுமென்றால்: மெஷின் சக்கரத்தில் ஒன்று முடங்கி நகர மறுக்கிறது, இரண்டு தடவை சொல்லியும் தம்பி மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போன் எடுக்கத் தாமதமாகிறது. பின்னால் வெளியேறும் சூடு இந்தச் சித்திரை வெயிலில் அறையை இன்னும் புழுங்க வைக்கிறது. ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. முன்பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கினோம், தானாகத் தரவில்லை. இவ்வளவுதான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிப்ரவரியில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அலாரம் அடித்தபோது, நாற்பது நிமிஷத்தில் வேறு மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தானே, அதற்கு ஐந்தும் கொடுக்கலாம். மெஷினை மாற்றி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா கால்மாட்டில் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றான். அவன் திருநீறு பூசுகிற பிள்ளை. "நானும் தெனமும் கும்பிடுறேன் டீச்சர்" என்றான்.

இந்த ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு அக்கா போக ஆசைப்பட்டார். சிலிண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் காரில் கொண்டுபோகலாம் என்று தம்பியும் சொன்னான். ஆனால் இருட்டோடு கோயில் முழுக்க ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்கிற ஆராதனை அது. வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். ஐயர் ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவந்தார். அக்கா டியூபைக் கழற்றாமலே வாங்கினார். அன்றைக்கு விரலில் 93.

நோய் பின்வாங்கவில்லை. போன வாரம் டாக்டர் 2 லிட்டரை 3 ஆக்கச் சொன்னார். 5 லிட்டர் மெஷினில் முழு அளவுக்கு ஏற்ற ஏற்ற ஆக்சிஜனின் சுத்தம் கொஞ்சம் குறையும், 4-க்குப் போனால் 10 லிட்டர் மெஷின் எடுத்துவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதற்கும் முன்பணம் கேட்டு வைத்திருக்கிறேன்.

படிக்கிறவர்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பசுமலை அக்கா என்றாலே போதும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருகிறவர்கள் யாராவது இருந்தால், அந்த நேரத்தில் நானும் முழித்திருப்பேன்.